அமெரிக்க கொர்வெட் சி6: ஜேர்மனியில் சட்டப்படி எந்த ரயர் போடலாம்?

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

எல்லோருக்கும் வணக்கம். 2008 மொடல் கொர்வெட் சி6 ஒன்று வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் அமெரிக்காவிலிருந்து இறக்கிப் பதிவு செய்த கார். எஞ்சின், கியர் எல்லாம் நல்ல நிலை. பின் ரயர்கள் இரண்டும் முடிந்துவிட்டன, முன்னே இன்னும் கொஞ்சம் மிச்சம். அடுத்த மாதம் ட்யூஃப் (வாகனத் தகுதி) பரிசோதனை.

பதிவுத் தாளில் உள்ளது இதுதான். கட்டம் 15.1 (முன் ரயர்): 245/40 இசட்ஆர்18. கட்டம் 15.2 (பின் ரயர்): 285/35 இசட்ஆர்19. கட்டம் டி (உச்ச வேகம்): 300. கட்டம் 8.2 (பின் அச்சுச் சுமை): 930. கட்டம் 22 இல் ரயர் பற்றி ஒரு கம்பனியின் பெயரும் எழுதியிருக்கிறது.

இப்போது காரில் இருப்பது ரன்ஃபிளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரயர்). அதே ரயரை அமெரிக்கக் கடை ஒன்று இணையத்தில் விற்கிறது. கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்தாலும் இங்கே கேட்கும் விலையை விடக் குறைவு. ஆனால் வேலையிடத்தில் ஒருவர், "அமெரிக்காவின் டாட் முத்திரை மட்டும் உள்ள ரயரை இங்கே ஓட்டக் கூடாது" என்கிறார். பக்கத்து ரயர் கடைக்காரர் 275/35 ஆர்19 இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்கிறார். யார் சொல்வது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்_பெடல் · எசன்

வாழ்த்துகள் தம்பி, முதலில் படத்தைப் போடும்!

கேள்விக்கு வந்தால், போன ட்யூஃப் இதே ரயரோடு பாஸ் ஆகியிருக்கும்தானே? அப்படியென்றால் அதே ரயரைத் திரும்ப வாங்கிப் போடுவதில் என்ன சிக்கல்? இல்லாத பிரச்சினையை நாமே உருவாக்கக் கூடாது.

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

டயர் கடையில் வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வேலையிட நண்பர் சொன்னது சரி.

டயரின் பக்கச் சுவரில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 1998 அக்டோபர் 1க்குப் பிறகு தயாரான கார் டயர் ஜெர்மன் சாலையில் ஓட வேண்டுமென்றால் அந்த முத்திரை இருந்தே ஆக வேண்டும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 30ஆம் விதிமுறையின் அங்கீகாரம் அது. எண் நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். அங்கீகாரம் கொடுத்த நாடுதான் அது, டயர் செய்த நாடு அல்ல. ஈ4 என்று போட்ட டயர் கொரியாவிலோ அமெரிக்காவிலோ செய்யப்பட்டிருக்கலாம்.

டாட் என்பது வேறு ஏற்பாடு. அமெரிக்க விதிப்படி தயாரிப்பாளரே "என் டயர் தரத்துக்கு உட்பட்டது" என்று தானாக உறுதி சொல்லி அச்சிடுவது. ஐரோப்பாவில் அப்படி இல்லை. முதலில் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்து அங்கீகார எண் வாங்க வேண்டும். அதனால் டாட் டயர் மட்டமானது என்று அர்த்தமில்லை. தரமான டயராகவே இருக்கலாம், ஆனாலும் இங்கே செல்லாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பெரிய கம்பெனிகளின் டயர்களில் பெரும்பாலும் இரண்டு முத்திரையும் இருக்கும். அதே பெயர், அதே மாடல், ஆனால் அமெரிக்கச் சந்தைக்கு மட்டும் செய்த பதிப்பில் ஈ இருக்காது. முக்கியமாக ஆல்-சீசன் ரன்ஃபிளாட் வகைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இணையப் படத்தை நம்பி ஆர்டர் போடாதீர்கள். பக்கச் சுவரின் படத்தைக் கேளுங்கள், இரண்டு பக்கமும்.

மூன்றாம் பெடல் அண்ணாவுக்கு: போன முறை ஆய்வாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் அது அனுமதி ஆகிவிடாது. அடுத்த ஆய்வாளர் பார்த்தால் ஸ்டிக்கர் கிடைக்காது. ஒரு மாதத்துக்குள் சரி செய்து மறுபடி காட்ட வேண்டிவரும்.

கோவை_டு_மியூனிக்

சக்கர வைத்தியர் அண்ணா சொன்னதோடு இன்னும் ஒன்று. ஈ முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள அங்கீகார எண்ணின் வாலில் எஸ், டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். முறையே சத்தம், ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும் தடை. இவை 117ஆம் விதிமுறையில் வருபவை. புதிய டயரில் இவை இல்லையென்றால் உஷாராகிவிடுங்கள்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சுலப வழி: 2021 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய டயர் லேபிளில் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுத்தளத்தில் அந்த டயரின் பதிவு திறக்கும். அந்தப் பதிவே இல்லாத புது டயர் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

நன்றி அண்ணை. கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். முன் ரயரில் ஈ இருக்கிறது. பின் ரயரில் உள்பக்கமும் தேடினேன், டாட் மட்டும்தான். அப்படியென்றால் அமெரிக்கக் கடை கணக்கில் இல்லை.

அப்புறம், கட்டம் 22 இல் ஒரு கம்பனி பெயர் இருக்கிறதே, அந்தக் கம்பனி ரயர்தான் போட வேண்டுமா? இன்னொரு சந்தேகம், முன்னுக்கு ஒரு கம்பனி, பின்னுக்கு வேறு கம்பனி போடலாமா?

நிலா_911 · கொலோன்

இந்தக் கம்பெனி விஷயம் போர்ஷே வைத்திருக்கும் எங்களுக்குப் பழகிய தலைவலி. முன்பு ஜெர்மனியில் சில வேகமான கார்களுக்குக் குறிப்பிட்ட தயாரிப்பாளரின் டயரை மட்டும் தாளில் எழுதிவைப்பார்கள். ஐரோப்பிய ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து கார்களைப் பொறுத்தவரை அது வெறும் பரிந்துரையாகத்தான் பார்க்கப்படுகிறது. அளவும் சுமை, வேகக் குறியீடுகளும் பொருந்தினால் வேறு கம்பெனி டயர் போடலாம். போர்ஷே ஒப்புக்கொண்ட டயரில் இருக்கும் 'என்' என்ற ஆங்கில எழுத்து முத்திரையும் அப்படித்தான்: சட்டம் கேட்பதில்லை. ஆனால் நீட்டிப்பு உத்தரவாதம் வைத்திருந்தால் அவர்கள் கேட்பார்கள், அது ஒப்பந்த விஷயம்.

ஆனால் உங்கள் கார் தனி ஆய்வில் அனுமதி வாங்கிய கார். கட்டம் 22 இல் எழுதியிருப்பது வெறும் பெயரா, அல்லது "இன்ன டயரோடு மட்டும்" என்ற நிபந்தனையா என்று வரியை அப்படியே படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

முன்னும் பின்னும் வேறு வேறு கம்பெனி போடுவது சட்டப்படி தவறில்லை. பலர் நம்ப மாட்டார்கள், ஒரே அச்சில் இரண்டு கம்பெனி போட்டாலும் தடை கிடையாது. ரேடியலையும் பழைய குறுக்கு அடுக்கு டயரையும் கலக்கக் கூடாது என்பதே விதி. ஆனால் 400 குதிரைத் திறனைத் தாண்டிய பின்சக்கர இழுவைக் காரில் அப்படிச் செய்யாதீர்கள். மழையில் முன்பக்கம் ஒன்று சொல்லும், பின்பக்கம் வேறொன்று செய்யும்.

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

அக்கா நன்றி. வரியைப் பார்த்தேன், "அல்லது அதற்கு இணையானது" என்று பின்னால் இருக்கிறது. அப்பாடா.

இனி 275/35 ஆர்19 பற்றி யாராவது சொல்ல முடியுமா? கடைக்காரர் பிடிவாதமாக இருக்கிறார். அவரிடம் அந்த அளவு அடுக்கிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

அடுக்கிக் கிடக்கும், ஏனென்றால் பி.எம்.டபிள்யூ. பெரிய கார்களில் ஓடும் அளவு அது. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவரிடம் ஒன்றையும் வாங்காதீர்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 285/35 ஆர்19: வட்டு 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. பக்கச் சுவர் 285இல் 35 சதவீதம், 99.75 மி.மீ., மேலும் கீழும் சேர்த்து 199.5. மொத்த விட்டம் 682 மி.மீ. சுற்று. 275/35 ஆர்19 க்கு அதே கணக்கு 675 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதம். ஓட்டுவதற்குப் பெரிதாகத் தெரியாது, வேகமானியும் விதிக்குள்ளேயே நிற்கும். வேகமானி உண்மையை விடக் கூடக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. சிறிய டயர் போட்டால் முள் கொஞ்சம் கூடவே காட்டும், அந்த வகையில் ஆபத்தில்லை.

அப்படியானால் என்ன பிரச்சினை? அந்த அளவு உங்கள் தாளில் இல்லை. ஐரோப்பாவில் முறையாக விற்ற கார் என்றால் கூடவே ஒத்திசைவுச் சான்று இருக்கும், அதில் மாற்று அளவுகளும் பட்டியலிட்டிருக்கும். தாளில் ஒரு அளவுதான் அச்சாகியிருந்தாலும் அந்தச் சான்றில் உள்ளதைப் போடலாம். அமெரிக்காவிலிருந்து தனியாக வந்த காருக்கு அந்தச் சான்றே கிடையாது. உங்களுக்கு வேதம் அந்தப் பதிவுத் தாளும், இறக்குமதியின்போது ஜெர்மன் வாகன அனுமதி விதிகளின் 21ஆவது பிரிவின் கீழ் ஆய்வாளர் எழுதிய அறிக்கையும் மட்டும்தான். 275 போட வேண்டுமென்றால் ஆய்வாளர் பார்த்து, சக்கர வட்டின் அகலம் பொருந்துகிறதா, நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு குழம்பாதா என்று உறுதி செய்து, தாளில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவைக் கூட்டினால் கடைக்காரர் தரும் தள்ளுபடி போய்விடும்.

305/30 ஆர்19 என்று ஆசை வந்தால் அதற்கும் இதே பதில். விட்டம் 665.6, கிட்டத்தட்ட இரண்டரை சதவீதக் குறைவு, பொதுவாக அனுமதிக்கும் எல்லையின் விளிம்பு. அங்கே ஆய்வாளரே யோசிப்பார்.

மூன்றாம்_பெடல் · எசன்

ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பத்து மில்லிமீட்டர் அகலத்தை எந்த பொலிஸ்காரன் ஸ்கேல் வைத்து அளக்கப் போகிறான்?

நிலா_911 · கொலோன்

அளக்க வேண்டாம் அண்ணா, டயரிலேயே எழுதியிருக்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு எண்ணைப் படிக்க வேண்டியதுதான். பெரிய வெள்ளிக்கிழமையன்று உங்கள் ரூர் பகுதியில் நின்று பாருங்கள். டியூன் செய்த கார்களைத் தேடித் தேடி நிறுத்துவார்கள். கொர்வெட் கண்ணில் படாமல் போகுமா?

கணக்குப்பிள்ளை · ஹனோவர்

காப்பீட்டுத் துறையில் வேலை. இந்த மாதிரிப் பேச்சு வந்தால் "இன்சூரன்ஸ் முழுக்கப் போய்விடும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆபத்தை உண்டாக்கக்கூடிய மாற்றம் செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதி இழக்கப்படும் என்று அதே வாகன அனுமதி விதிகளின் 19ஆவது பிரிவு சொல்கிறது. அனுமதியில்லாத டயர் அதற்குள் வரலாம். ஆனாலும் விபத்தில் எதிரிலிருந்தவருக்குக் கட்டாயக் காப்பீடு பணம் கொடுத்தே தீரும். கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தக் கடமையை மீறியதற்காகக் கேட்பதென்றால் வழக்கமான உச்சவரம்பு 5,000 யூரோ. அதற்கும் டயருக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஒருவர் இடித்தால் உங்கள் டயரில் என்ன எழுதியிருந்தால் என்ன?

உண்மையான வலி உங்கள் காருக்கான முழுக் காப்பீட்டில். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கித் தடுப்பில் மோதினீர்கள், நிபுணர் வந்து பார்க்கிறார், அங்கீகாரமில்லாத டயர். "கடும் அலட்சியம்" என்று சொல்லித் தொகையைக் குறைக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். இந்தக் காரின் மதிப்புக்கு அதை விளையாட்டாக எடுக்க முடியாது.

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். அளவுக்குப் பிறகு வரும் எண்ணும் எழுத்தும். பலர் இதைப் படிக்காமலே வாங்குகிறார்கள்.

உங்கள் கார் டி = 300. வேகக் குறியீடுகள்: எச் மணிக்கு 210 கி.மீ., வி 240, டபிள்யூ 270, ஒய் 300. அடைப்புக்குறிக்குள் (ஒய்) என்று இருந்தால் 300க்கு மேலும். இசட்ஆர் என்பது 240க்கு மேற்பட்ட டயர் என்று மட்டும் சொல்லும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆக, கோடை டயரில் உங்களுக்கு டபிள்யூ செல்லாது. "நான் 160க்கு மேல் போக மாட்டேன்" என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. கார் எவ்வளவு போகும் என்று தாள் சொல்கிறதோ அதுதான் கணக்கு. தாளில் 300ஐத் தாண்டிய எண் இருந்திருந்தால் (ஒய்) வேண்டும், கூடவே அந்த வேகத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்று டயர் தயாரிப்பாளரிடமிருந்து கடிதமும் வேண்டும்.

அடுத்தது சுமை எண். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டயரில் எழுதிய சுமையை அது உச்ச வேகத்தில் தாங்காது. ஒய் டயர் 270 கி.மீ. வரை முழுச் சுமை தாங்கும். 280இல் 95 சதவீதம், 290இல் 90, 300இல் 85. டபிள்யூ டயருக்கு இதே இறக்கம் 240க்கு மேல் தொடங்கும், வி டயருக்கு 210க்கு மேல், இன்னும் மெதுவாக இறங்கும்.

உங்கள் பின் அச்சு 930 கிலோ, ஒரு டயருக்கு 465. சுமை எண் 87 என்றால் 545 கிலோ. பார்த்தால் தாராளம். 300இல் 85 சதவீதம் எடுங்கள்: 463. இரண்டு கிலோ போதவில்லை! எண் 88 என்றால் 560 கிலோ, 85 சதவீதம் 476, போதும். 285/35 ஆர்19 அளவில் ஐரோப்பியச் சந்தையில் வரும் டயர்கள் 99 அல்லது 103. 99 என்றால் 775 கிலோ, குறைத்த பிறகும் 658. உங்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு அளவுக்குப் போகும்போது இந்தக் கணக்கைப் போடாமல் போகக் கூடாது. தாளில் சுமை எண் எழுதியிருந்தால் அதை விடக் கூடுதலாகப் போடலாம். குறைவாகப் போக நினைத்தால் முதலில் ஆய்வாளரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. அமெரிக்க டயரில் அளவுக்கு முன்னால் பி என்ற எழுத்து இருக்கும். அது அமெரிக்கத் தரநிலை. அளவு ஒன்றாகவே இருந்தாலும் எந்தக் காற்றழுத்தத்தில் எவ்வளவு சுமை என்ற அட்டவணை ஐரோப்பியத் தரநிலையிலிருந்து வேறுபடலாம். எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) டயர் போட்டால் இன்னும் மாறும். அதனால் கதவு ஓரத்து அமெரிக்க ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தோடு ஆட்டோபானில் பறக்காதீர்கள். டயர் கம்பெனியின் தொழில்நுட்பச் சேவைக்குக் காரின் அச்சுச் சுமையும் உச்ச வேகமும் எழுதி அனுப்பினால் அழுத்தத்தைக் கணக்கிட்டுத் தருவார்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

கோவை_டு_மியூனிக்

அந்த இரண்டு கிலோ கணக்கு அருமை அண்ணா. எத்தனை டயர் கடைக்காரர் இதைப் போட்டுப் பார்க்கிறார்?

என் சந்தேகம்: ஆல்-சீசன் போட்டால் வேகக் குறியீடு தளரும் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் ரூர் ஓட்டி டபிள்யூ ஆல்-சீசன் போடலாமா?

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

சட்டப்படி வழி இருக்கிறது. மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் உள்ள டயர் குளிர்காலத் தகுதியுள்ளது. அப்படிப்பட்ட டயருக்குக் காரின் உச்ச வேகத்தை விடக் குறைந்த குறியீடு இருக்கலாம். ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் அந்த டயரின் வேக வரம்பை எழுதிய ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அந்த வரம்பை மீறக் கூடாது. வெறும் எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தால் இப்போது போதாது, 2024 செப்டம்பர் இறுதியோடு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. அமெரிக்க ஆல்-சீசன் டயர்களில் பெரும்பாலும் எம்+எஸ் மட்டும்தான் இருக்கும், மலைச் சின்னம் இருக்காது. அங்கேயும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் கொர்வெட்டுக்கு ஆல்-சீசன் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பனியில் எடுக்கப் போகிறீர்களா?

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

இல்லை அண்ணை, ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரையான பருவ இலக்கத் தகடுதான் எடுத்திருக்கிறேன். உப்புத் தெருவில் இதை இறக்கினால் மனைவி என்னையும் காரோடு கராஜில் பூட்டிவிடுவா.

கணக்குப்பிள்ளை · ஹனோவர்

அப்போது குளிர்கால டயர் பேச்சே வேண்டாம். அக்டோபர் கடைசியில் ஒருநாள் பனி விழுந்தால் மட்டும் வீட்டில் இருந்துவிடுங்கள். பனியிலும் உறைந்த சாலையிலும் கோடை டயரோடு பிடிபட்டால் 60 யூரோவும் ஒரு புள்ளியும்.

லண்டன்_வால்வு

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்களிடம் ஜப்பானிலிருந்து இறக்கிய ஸ்கைலைன், சுப்ரா நிறைய ஓடுகிறது. எம்.ஓ.டி. பரிசோதனையில் டயரின் நடுப் பகுதி முக்கால் அகலத்தில் 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், ஒரே அச்சில் இரண்டு அளவு இருக்கக் கூடாது. அளவு தாளில் இல்லை என்று இவ்வளவு பாடுபடுத்த மாட்டார்கள். காப்பீட்டுக்காரரிடம் மாற்றத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆழம் குறைந்தால் அடி பலம், ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், மூன்று புள்ளி. நான்கு டயரும் மொட்டை என்றால் உரிமத்தையே மறந்துவிடலாம்.

ஸ்கைலைன் ஜிடி-ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது நான்கு சக்கர இழுவை. முன், பின் டயரின் சுற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் மட்டும் புது டயர், முன்னால் தேய்ந்தது என்று ஓட்டினால் முன்சக்கரத்துக்கு விசை அனுப்பும் கிளட்ச் சும்மா சும்மா வேலை செய்து சூடாகும். அங்கே நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் மலிவு.

மூன்றாம்_பெடல் · எசன்

பார்த்தீர்களா, லண்டனில் மனிதர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள்!

நிலா_911 · கொலோன்

லண்டனில் வேக வரம்பில்லாத சாலை இருக்கிறதா அண்ணா? 300 ஓடலாம் என்று விட்ட நாட்டில் டயர் 300 தாங்குமா என்று கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

கோவை_டு_மியூனிக்

ஊரிலும் இதே கதை வேறு முத்திரையோடு. கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியையே தடையற்ற பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்துவிட்டார்கள். இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் கோவை நண்பர்கள் டயருக்குக் காத்திருந்த கதையைக் கேட்டால் இங்கே நாம் சொர்க்கத்தில் இருக்கிறோம்.

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

சரி, இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. அளவை மாற்றுவதில்லை, ஈ முத்திரை இல்லாமல் வாங்குவதில்லை, ஒய்க்குக் கீழே போவதில்லை. மிச்சம் இருப்பது ரன்ஃபிளாட். ஈ முத்திரையுள்ள ரன்ஃபிளாட் இந்த அளவில் கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டுகிறது. சாதாரண ரயர் போடலாமா? காரில் மாற்றுச் சக்கரமே இல்லை, வைக்க இடமும் இல்லை.

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

தாளில் ரன்ஃபிளாட் என்று நிபந்தனை இல்லையென்றால் போடலாம். மாற்றுச் சக்கரம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் கார்களுக்கு இல்லை. ஒட்டும் திரவமும் சின்ன கம்ப்ரஸரும் உள்ள பெட்டியைப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது, இழுவை வண்டிதான்.

என் கருத்தைக் கேட்டால், சாதாரண டயர் போட்ட சி6 வேறு கார். ரன்ஃபிளாட்டின் விறைத்த பக்கச் சுவர் போனதும் பள்ளங்களில் முதுகு வாழ்த்தும், சத்தமும் குறையும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இந்த இரண்டு அளவிலும் வருகிறது, பின்னுக்கு 103 (ஒய்) எக்ஸ்எல். வேறு பெரிய கம்பெனிகளிலும் தேடிப் பார்க்கலாம், நான் எந்தக் கம்பெனியின் ஆளும் இல்லை.

ஆனால் முன்னால் ரன்ஃபிளாட், பின்னால் சாதாரணம் என்று கலக்காதீர்கள். தடை இல்லை, ஆனால் விறைப்பு வேறு என்பதால் வளைவில் நடத்தை கெடும். முன் டயரின் டாட் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3512 என்று இருந்தால் 2012இன் 35ஆவது வாரம். கார் டயருக்கு வயது வரம்பு என்று இங்கே சட்டம் எதுவும் இல்லை, ஆனால் பத்து வயது ரப்பரில் 300 குறியீடு இருந்து என்ன பயன்?

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

முன் ரயர் 0814. நான்கையும் மாற்ற வேண்டியதுதான் போல.

நிலா_911 · கொலோன்

மாற்றிவிடுங்கள். ஆழம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். சட்டம் 1.6 மி.மீ. கேட்கிறது, கோடை டயருக்கு 3 மி.மீ. வைத்துக்கொள்ளச் சொல்வது ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி.யின் பரிந்துரை. ஒரு யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்திப் பாருங்கள், தங்க நிற விளிம்பு 3 மி.மீ. விளிம்பு வெளியே தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. அகலமான டயரில் தண்ணீர் தேங்கிய ஆட்டோபான் தடத்தில் இதன் அருமை தெரியும்.

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

இன்று ட்யூஃப் நிலையத்தில் ஒரு ஆய்வாளரோடு கதைத்தேன். தாளையும், நான் பார்த்துவைத்த ரயரின் விவரத்தையும் காட்டினேன். தாளில் உள்ள அளவு, ஈ முத்திரை, (ஒய்), சுமை எண்ணும் தேவைக்கு மேல். எதையும் புதிதாகப் பதியத் தேவையில்லை, போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். டாட் ரயரின் படத்தைக் காட்டியபோது கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினார். பழைய கார்களுக்கு, உரிய அளவில் அங்கீகரித்த ரயரே கிடைக்காவிட்டால் அதே விதிகளின் 70ஆவது பிரிவில் விதிவிலக்குக் கேட்கலாமாம். என் காருக்கு அது பொருந்தாது, இந்த அளவு கடையில் கிடைக்கிறது என்று முடித்துவிட்டார்.

நான்கும் ஓடர் செய்துவிட்டேன், சாதாரண ரயர். கடைசியாக ஒன்று: சக்கரத்துக்குள் காற்றழுத்த சென்சர் இருக்கிறது. ரயர் மாற்றும்போது அதையும் புதிதாகப் போடச் சொல்கிறார் கடைக்காரர், ஐரோப்பிய வகை தன்னிடம் இருக்கிறதாம்.

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

வேண்டாம்! அமெரிக்கப் பதிப்பின் சென்சர் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஐரோப்பிய சென்சர் 433இல். உங்கள் கார் அதைக் கேட்கவே கேட்காது, திரையில் எச்சரிக்கை நிரந்தரமாக நிற்கும். பழையதில் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செத்திருந்தால் 315 வகையைத் தேடி வாங்குங்கள். இந்த அமைப்பு எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயமானது 2014 நவம்பரில்தான், 2008 காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ரன்ஃபிளாட்டை எடுத்துவிட்டு வேலை செய்யும் சென்சரையும் கைவிடுவது புத்திசாலித்தனமில்லை.

இன்னொன்று, ரன்ஃபிளாட்டைக் கழற்றும்போதுதான் சென்சர் உடையும். பக்கச் சுவர் அவ்வளவு விறைப்பு. உதவிக் கை உள்ள இயந்திரம் இருக்கிறதா, ரன்ஃபிளாட் கழற்றிப் பழக்கமுண்டா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" கடைக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மூன்றாம்_பெடல் · எசன்

தம்பி, அந்தப் பழைய பின் ரயர்களை எனக்குத் தருவீரா? என்னுடைய ட்ரெய்லரில்...

சக்கர_வைத்தியர் · ஸ்டுட்கார்ட் பக்கம்

அண்ணா, ட்ரெய்லருக்கும் ஈ முத்திரை வேண்டும்.

மூன்றாம்_பெடல் · எசன்

சரி சரி, தோட்டத்தில் ஊஞ்சல் கட்டுகிறேன்.

ரூர்_ஓட்டி · டோர்ட்முண்ட்

சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணை. படம் கேட்டிருந்தீர்கள்தானே, காரையும் நேரில் பார்க்கலாம்.